தும்மினால் ஏன் ‘நூறு’ என்கிறோம்?

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவை ஒட்டிய மாவு மில்லில் மிளகாய் அரைக்கிறார்கள் என்றால் நான்கு கடை தள்ளி நிற்பவருக்கும் தெரிந்துவிடும். மூக்கு சொல்லிவிடும். போன மாசியில் ஒரு நாள் காலை, காயவைத்த மிளகாயும் மல்லியும் நிறைந்த தூக்குவாளியோடு அந்த வரிசையில் நின்றிருந்தேன். பெல்ட் ஓடத் தொடங்கியதும் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நான் கைக்குட்டையைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு முறை தும்மிவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. ஒரு வயது இருக்கும். அதுவும் தும்மியது. உடனே ‘நூறு’ என்றது ஒரு குரல். வரிசையின் கடைசியிலிருந்து இன்னொரு ‘நூறு’. மில்காரர் துணிக்குழாயைத் தட்டிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், தாமும் ‘நூறு’ என்றார். குழந்தை மறுபடி தும்மியதும் மூவரும் ‘இருநூறு’ என்றார்கள்.

அந்தக் குழந்தையின் பெயர்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நூறு ஆண்டு வாழ வேண்டும் என்ற முழு வாழ்த்தும் ஒரே எண்ணாகச் சுருங்கி, யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. இருமினால் நாம் வாழ்த்துவதில்லை. ஏப்பம் விட்டால் வாழ்த்துவதில்லை. கொட்டாவிக்குச் சிலர் சொடக்குப் போடுவார்கள், அவ்வளவுதான். தும்மலுக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை? நம் ஊரில் மட்டுமா இப்படி? பல நாள் என்னைக் குடைந்த கேள்வி இது.

முதலில் தும்மல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மூக்கின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய ஈரத்தோல், தூசியோ காரமோ சளியோ பட்டு எரிச்சலடைகிறது. முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் ஐந்தாம் மூளை நரம்பு அந்தச் செய்தியைத் தண்டுவடத்துக்கு மேலே இருக்கும் முகுளத்துக்குக் கொண்டுசெல்கிறது. முகுளம் நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. மூச்சு ஆழமாக உள்ளே போகிறது. தொண்டையில் குரல்வளை மூடிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் இறுகி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பிறகு எல்லாம் ஒரே நொடியில் திறந்து காற்று வெளியே பாய்கிறது. கண்களும் தாமாக மூடிக்கொள்கின்றன. தும்மும்போது இதயம் நின்றுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வோம். அது உண்மை இல்லை. மார்புக்குள் அழுத்தம் மாறுவதால் துடிப்பின் தாளம் ஒரு கணம் அசையலாம், நிற்பதில்லை. நிழலிலிருந்து திடீரென்று வெயிலுக்கு வந்தால் சிலருக்குத் தும்மல் வரும். நான்கில் ஒருவருக்கு இப்படி இருப்பதாகப் பொதுவாகக் கணக்குச் சொல்கிறார்கள்; குடும்பவழியாகவும் இது தொடரும்.

ஆக, தும்மல் வரப்போகிறது என்று தெரியும், ஆனால் நிறுத்துவது நம் கையில் இல்லை. அந்த ஒரு நொடி உடம்பு நம்முடையதாக இல்லை. மூச்சு நம்மைக் கேட்காமல் வெளியேறுகிறது. தமிழில் ‘உயிர்த்தல்’ என்றாலே மூச்சுவிடுதல்தான். பெருமூச்சு விடுவதை ‘நெட்டுயிர்த்தல்’ என்பார்கள். மூச்சும் உயிரும் ஒரே சொல்லுக்குள் வாழ்கிற மொழியில், மூச்சு இப்படி வெடித்து வெளியேறினால் பக்கத்தில் இருப்பவர் ‘நூறு வயது இரு’ என்று பதறுவதில் வியப்பில்லை. உலகம் முழுவதும் தும்மலைச் சுற்றியுள்ள வழக்கங்களின் வேர் இந்தப் பதற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

உயிர் போய்விடுமோ என்ற அச்சம்

யூதர்களிடையே ஒரு பழங்கதை உண்டு. ஆதியில் மனிதர்களுக்கு நோயே கிடையாதாம். நடந்துகொண்டிருப்பவன் ஒரு தும்மல் போடுவான். மூக்கு வழியாக உயிர் போய்விடும். அவர்களின் மூதாதை யாக்கோபு கடவுளை வேண்டிக்கொண்டார்: ‘என் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை என்னை எடுத்துக்கொள்ளாதே’. அதன் பிறகுதான் சாவுக்கு முன்னால் நோய் என்ற அவகாசம் வந்ததாம். அதனால் ஒருவர் தும்மினால் ‘வாழ்வு’ என்று சொல்ல வேண்டும் என்கிறது அந்தக் கதை.

ஜப்பானில் இதைவிட நெருக்கமான காட்சி ஒன்று இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் யோஷிதா கென்கோ என்ற துறவி எழுதிவைத்த குறிப்பு. கியோமிசு கோவிலுக்கு ஒருவர் நடந்து போகிறார். வழித்துணையாக ஒரு கிழத் துறவினி. அந்தப் பாட்டி வழிநெடுக ‘குசாமே, குசாமே’ என்று முணுமுணுத்துக்கொண்டே வருகிறார். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதும் பாட்டிக்குக் கோபம் வந்துவிடுகிறது. ‘தும்மும்போது இந்த மந்திரத்தைச் சொல்லாவிட்டால் செத்துப்போவார்கள் என்பார்கள். நான் பாலூட்டி வளர்த்த பிள்ளை இப்போது ஹியெய் மலையில் இருக்கிறான். இந்த நேரம் அவன் தும்மிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?’

தும்முகிறானா என்று தெரியாது. தும்மினால் கேட்கிற தூரத்திலும் இல்லை. ஆனாலும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு நடக்கிறாள் அந்தச் செவிலித்தாய். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனின் பெயரில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோவிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். இந்தக் குறிப்பைப் படித்தபோது அவர்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஜப்பானிய மொழியில் தும்மலுக்கு இன்றைய சொல் ‘குஷாமி’; அந்தப் பாட்டி சொன்ன மந்திரத்தின் சாயல் அதில் இன்னும் இருக்கிறது.

ஆங்கிலேயர்கள் ‘பிளெஸ் யூ’ என்று சொல்வதற்குப் பரவலாக ஒரு காரணம் சொல்லப்படுகிறது. 590-இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது போப் முதலாம் கிரிகோரி, தும்முகிறவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி சொன்னார் என்பார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வழக்கம் அதைவிடப் பழையது. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினி, ‘தும்முகிறவர்களை நாம் ஏன் வாழ்த்துகிறோம்?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். எப்போதும் உம்மென்று இருக்கும் பேரரசர் டைபீரியஸ்கூட, வண்டியில் போகும்போது தும்மினாலும் அந்த வாழ்த்தை எதிர்பார்ப்பாராம். காரணத்தைக் கேட்டுத் தலையைச் சொறியும் நிலைமை பிளினி காலத்திலேயே வந்துவிட்டது. வழக்கம் அவ்வளவு முந்தியது.

நம் நாட்டில் பௌத்தப் பிக்குகளின் ஒழுக்க விதிகளைத் தொகுத்த பாலி நூலிலும் தும்மல் வருகிறது. புத்தர் போதித்துக்கொண்டிருக்கும்போது தும்முகிறார். சுற்றியிருந்த பிக்குகள் ‘பகவான் வாழ்க’ என்று ஒரே குரலில் எழுப்பிய ஓசையில் போதனை தடைப்பட்டுவிடுகிறது. புத்தர் கேட்கிறார்: ‘வாழ்க என்று சொல்வதால் ஒருவர் வாழவோ சாகவோ செய்கிறாரா?’ இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் சொல்லாதீர்கள் என்கிறார். பிரச்சினை அதோடு முடியவில்லை. பிக்குகள் தும்மும்போது ஊர்மக்கள் வாழ்த்துகிறார்கள்; விதியை மீறாமல் இருக்கப் பிக்குகள் பதில் பேசாமல் நிற்கிறார்கள்; ஊர்மக்கள் முகம் சுளிக்கிறார்கள். புத்தர் அதையும் கேட்டுவிட்டு, இல்லறத்தார் மங்கலச் சொற்களை விரும்புகிறவர்கள், அவர்கள் வாழ்த்தினால் ‘நீடு வாழ்க’ என்று நீங்களும் சொல்லுங்கள் என்று விதியைத் தளர்த்துகிறார். மூடநம்பிக்கையைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். நம்பிக்கை பொய் என்று நேராகச் சொல்கிறார். மனிதர் மனம் நோகக் கூடாது என்பதையும் விடவில்லை. அந்தப் பாலி வாழ்த்தின் உடன்பிறப்பை இன்றும் நம் பக்கத்தில் கேட்கலாம். புதுச்சேரியோடு சேர்ந்த ஏனாமில் தெலுங்கு பேசுகிறார்கள். தெலுங்கு வீடுகளில் குழந்தை தும்மினால் ‘சிரஞ்சீவ’ என்பார்கள்.

யார் நினைத்துத் தும்மினீர்?

தும்மலைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்டவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது திருக்குறளில் இருக்கிறது. புலவி நுணுக்கம் என்ற 132-ஆம் அதிகாரம். காதலனும் காதலியும் ஊடல் கொள்ளும் இடம். அவள் கோபத்தில் வாய் திறவாமல் இருக்கிறாள்.

ஊடி இருந்தேமாத் தும்மினார் யாம்தம்மை
நீடுவாழ் கென்பாக் கறிந்து.

அவன் வேண்டுமென்றே தும்முகிறான். தும்மினால் ‘நீடு வாழ்க’ என்று சொல்லியே ஆக வேண்டும், அப்படிச் சொன்னால் அவள் மௌனம் கலைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். வாழ்த்தும் வழக்கம் எவ்வளவு கட்டாயமாக இருந்திருந்தால் இப்படி ஒரு தந்திரம் பலிக்கும்! ஐந்து குறள் தள்ளி இன்னொரு தும்மல்.

வழுத்தினாள் தும்மினேன் ஆக அழித்தழுதாள்
யாருள்ளித் தும்மினீர் என்று.

அவன் தும்முகிறான். அவளும் வழக்கப்படி வாழ்த்திவிடுகிறாள். வாழ்த்தி வாய் மூடும் முன்பே ஓர் எண்ணம் வந்து, அந்த வாழ்த்தைத் தானே அழித்துவிட்டு அழுகிறாள்: உம்மை எவள் நினைத்ததால் தும்மினீர்? பாவம், அவன் பாடம் கற்றுக்கொண்டு அடுத்த தும்மலை அடக்கிக்கொள்கிறான். அதற்கும் அழுகை வருகிறது: உமக்கு வேண்டியவர்கள் உம்மை நினைப்பதை என்னிடமிருந்து மறைக்கிறீரோ என்று.

ஏழு சீருக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன, கவனியுங்கள். தும்மினால் வாழ்த்த வேண்டும் என்பது ஒன்று. யாரோ நினைத்தால் தும்மல் வரும் என்பது மற்றொன்று. ‘வழுத்தினாள்’ என்ற சொல்லில் முதல் நம்பிக்கை. ‘யாருள்ளி’ என்ற சொல்லில் இரண்டாவது. பிரிந்திருக்கும் காதலி சொல்வதாக 121-ஆம் அதிகாரத்தில் இன்னொரு குறளும் உண்டு. தும்மல் வருவதுபோல் வந்து அடங்கிவிடுகிறது. அவர் என்னை நினைக்கத் தொடங்கி, நினைக்காமல் விட்டுவிட்டாரோ என்று ஏங்குகிறாள். வராத தும்மலுக்கும் பொருள் கண்ட மொழி நம்முடையது.

இந்த இரண்டாவது நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதில்லை. 2-ஆம் நூற்றாண்டில் சீன உரையாசிரியர் செங் சுவான், ஒரு பழம்பாடலுக்கு உரை சொல்லும்போது, இக்காலத்து மக்கள் தும்மினால் ‘யாரோ என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்’ என்பார்கள் என்று குறித்திருக்கிறார். ஜப்பானில் எண்ணிக்கையும் சேர்ந்துகொண்டது. ஒரு தும்மலுக்கு யாரோ புகழ்கிறார்கள், இரண்டுக்கு யாரோ இகழ்கிறார்கள், மூன்றுக்கு யாரோ காதலிக்கிறார்கள், நான்காவது வந்தால் ஜலதோஷம் என்பது அங்கே பரவலான கணக்கு. ஊருக்கு ஊர் சற்று மாறும். நம்மிடம் இப்போது இந்த வேலையைப் பெரும்பாலும் புரையேறுதலும் விக்கலும் எடுத்துக்கொண்டுவிட்டன. சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்கிறோம்.

புறப்படும் நேரத்துத் தும்மல்

தும்மலைச் சகுனமாகப் பார்ப்பது மூன்றாவது வகை. பழைய கிரேக்கர்களுக்கு அது பெரும்பாலும் நல்ல சகுனம். கி.மு. 401-இல் பாரசீகத்தின் உள்நாட்டில் தளபதிகளை இழந்து தவித்த கிரேக்கப் படையின் முன் செனபோன் எழுந்து, நாம் உயிர் பிழைக்க வழி உண்டு என்று பேசுகிறார். அந்த நேரம் பார்த்து ஒரு வீரன் தும்முகிறான். படை முழுவதும் ஒரே அசைவில் தெய்வத்தை வணங்குகிறது. பிழைப்பதைப் பற்றிப் பேசும்போதே காக்கும் தெய்வத்தின் குறி கிடைத்துவிட்டது என்று செனபோன் அதைப் பிடித்துக்கொள்கிறார்.

நம் வீடுகளில் நிலைமை வேறு. வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். இரட்டைத் தும்மல் என்றால் பரவாயில்லை. ஈரானிலும் ஏறத்தாழ இதே கணக்குதான். ஏதாவது தொடங்கும்போது ஒருவர் ஒரு முறை தும்மினால் ‘சப்ர் ஆமத்’ என்பார்கள். ‘பொறுமை வந்தது’ என்று பொருள். கொஞ்சம் பொறுத்துவிட்டுத் தொடங்குவார்கள். இரண்டாவது தும்மல் வந்தால் தடை நீங்கியது. எவ்வளவு அழகான சொல்! அதே தடையை நாம் ‘அபசகுனம்’ என்கிறோம்; அவர்கள் பொறுமை என்கிறார்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அத்தைக்காக மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள் கிளம்பினார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பூ, பழம். வாசற்படியில் ஒரு கால் வைத்த நொடியில் நான் தும்மிவிட்டேன். தை மாதப் பனி. எனக்கு இரண்டு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சொம்பில் தண்ணீர் வந்தது. யாரும் அடிக்கவில்லை, ‘இவனை உள்ளே வைத்திருக்கக் கூடாதா’ என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. வேறு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனால் அத்தைக்கு வேறு இடத்தில் திருமணம் ஆகும்வரை இரண்டு ஆண்டுகள், அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் தும்மல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சகுனம் பலித்ததுபோல் தோன்றுவதற்குக் காரணம் எளிது. பத்துப் பேர் இருக்கும் வீட்டில் பனிக்காலத்தில் யாராவது தும்மிக்கொண்டேதான் இருப்பார்கள். தும்மிய பிறகு நல்லபடியாக முடிந்த பயணங்களை யாரும் எண்ணி வைப்பதில்லை. கெட்டது நடந்த ஒன்று மட்டும் குடும்பக் கதையாகிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. தும்மியவர் மீது பழி விழுவதுதான் கொடுமை. அது பெரும்பாலும் வீட்டில் பேச முடியாதவர்கள் மீதே விழுகிறது. புதிதாக வந்த மருமகள், கணவனை இழந்தவர், மூக்கொழுகும் பிள்ளை. இந்த வழக்கத்தை மட்டும் நாம் கைவிட்டுவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தும்மலை அடக்குவதும் நல்லதல்ல. உடம்பு தானாக எழுப்பும் பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்று சித்த மருத்துவம் சொல்லும் பட்டியலில் தும்மலும் உண்டு. 2018-இல் இங்கிலாந்திலிருந்து மருத்துவ இதழ் ஒன்றில் வந்த செய்தி: 34 வயதுக்காரர் ஒருவர் மூக்கையும் வாயையும் இறுக மூடித் தும்மலை அடக்கியதில் தொண்டைக்குள் கிழிந்து, மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. குழாய் வழியாக உணவு கொடுத்துக் காப்பாற்றினார்கள். தும்மல் கிளப்பும் ஈரக்காற்று மேகம் ஏழெட்டு மீட்டர் வரை போகக்கூடும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிடியா பூருயிபா அதிவேகக் கேமராவில் பிடித்துக் காட்டியிருக்கிறார். ஆகவே அடக்காமல், முழங்கையை மடித்து அதற்குள் தும்ம வேண்டும். உள்ளங்கைக்குள் தும்மினால் அடுத்துத் தொடும் பஸ் கம்பியில் அது ஒட்டிக்கொள்ளும்.

பதிலுக்கு என்ன சொல்வது?

கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி போய்விடலாம். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் ‘சொல்தா’ குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில்தான் முதன்முதலில் என் தும்மலுக்கு வாழ்த்துக் கிடைத்தது. ‘அ வோ சுவே’ என்றார் அந்தப் பெரியவர். உங்கள் விருப்பங்கள் நிறைவேறட்டும் என்று பொருள். அவருடைய பேத்தி தும்மியபோது ‘அ தே சுவே’ என்றார். நம் நீ, நீங்கள் போலத்தான்: பெரியவர்களுக்கும் அதிகம் பழகாதவர்களுக்கும் ‘வோ’, குழந்தைகளுக்கும் நெருங்கியவர்களுக்கும் ‘தே’. அவரைவிட நான் நாற்பது வயது இளையவன்; இருந்தும் எனக்கு ‘வோ’ போட்டார். இரண்டாவது முறை தும்மினால் விருப்பத்தை விட்டுவிட்டுக் காதலுக்கு வாழ்த்துவார்களாம். லத்தீன் அமெரிக்காவில் மூன்று தும்மலுக்கு வரிசையாக ஆரோக்கியம், பணம், காதல். ஜெர்மானியர்களும் ரஷ்யர்களும் ஆரோக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இஸ்லாமியர்களிடம் முதலில் பேசுவது தும்மியவர். பரங்கிப்பேட்டை நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தும்மியவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று இறைவனைப் புகழ்கிறார். கேட்டவர் ‘யர்ஹமுகல்லாஹ்’, இறைவன் உங்களுக்கு அருள் புரியட்டும் என்கிறார். அதற்குத் தும்மியவர், இறைவன் உங்களுக்கு நல்வழி காட்டி உங்கள் நிலையைச் சீராக்கட்டும் என்று திருப்பி வேண்டுகிறார். ஒரு தும்மலுக்கு மூன்று வாக்கியம்.

துருக்கியரின் முறை நம் ‘நூறு’க்கு மிக அருகில் வருகிறது. தும்மினால் ‘சோக் யஷா’, நிறைய வாழ் என்பார்கள். தும்மியவர் ‘சென் தே கோர்’ என்பார்: நான் வாழ்வதை நீயும் இருந்து பார். வாழ்த்து வாங்கியவர் வாழ்த்தியவரின் ஆயுளையும் அதே மூச்சில் கேட்டுவிடுகிறார். நம் ‘நூறு’க்கு இப்படி ஒரு மறுமொழி இல்லை. குழந்தைக்குச் சொல்கிற சொல் என்பதால் தேவைப்பட்டிருக்காது. அதனாலேயே வயதானவர்கள் தும்மினால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

எங்கள் ஆயாவுக்கு 84 வயது. இந்தத் துருக்கி வழக்கத்தை ஒரு மாலை அவரிடம் சொன்னேன்; பதில் எதுவும் சொல்லாமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் கழித்து, முறத்தில் மல்லி புடைக்கும்போது அவருக்குத் தும்மல் வந்தது. ‘நூறு’ என்றேன். முறத்தைக் கீழே வைக்காமல், ‘நீயும் இருந்து பார்’ என்றார். அதற்குள் அடுத்த தும்மல் வந்துவிட்டது.